எடை குறைத்த கார்

கரும்பு ஆலையின் எடைமேடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடை கூட வேண்டும் என்றுதான் சாமியை வேண்டிக்கொண்டு வருவார்கள். குறைய வேண்டும் என்று வந்த ஒரே ஆள் என் அண்ணன். ஒரு டிராக்டருக்கும் ஒரு மாட்டுவண்டிக்கும் நடுவில் எங்கள் வீட்டுக் காரைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவான். எடை போடுகிறவர் எழுதிக்கொடுக்கும் சீட்டை வாங்கி, போன வாரத்துச் சீட்டோடு சேர்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவான். "இன்னாபா, காரு எளச்சிக்கினே போவுது, வைத்தியருகிட்ட காட்டுனியா?" என்று அவர் கேட்பாராம். அண்ணன் அதை வீட்டில் வந்து அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். பிற்பாடு எங்கள் இருவருக்கும் நடுவில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அதனால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குப் பாகூர் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. பாதி நெல், பாதி கரும்பு. எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா வயலும் ஆலையுமாக அலைகிற மனிதர். எனக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து, பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது வரைக்கும் எல்லாம் அண்ணன்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். பின்னல் எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவன் பின்னியது என்று சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா கார் வாங்கினார். அப்போது புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதுச்சேரியில் ஒரு குடும்பம் பிரான்சுக்குக் குடிபோனபோது அவர்களுடைய பழைய காரை வாங்கிவந்தார். இரண்டு கதவுதான். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கித் திறக்கும். அடியில் இரும்பாலான ஒரு சட்டம். அண்ணன் அதைச் சேசிஸ் என்பான். அதன் மேல்தான் மொத்தக் காரும் உட்கார்ந்திருந்தது.

கேடு பழைய பேப்பர் கடையிலிருந்து வந்தது. புதுச்சேரியில் எடைக்குப் போட்டிருந்த அமெரிக்கப் பத்திரிகைகளை அண்ணன் ஒரு கட்டாக அள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. எனக்கு அதில் பாதி. படத்தைப் பார்த்தும் எழுத்துக்கூட்டியும் நாங்கள் புரிந்துகொண்டது இதுதான்: அந்த ஊரில் கார் கம்பெனிகளே பந்தயத்துக்கென்று சில கார்களை இளைக்க வைத்து விற்றிருக்கின்றன. பெரிய இன்ஜின், மெல்லிய தகடு. கதவு அலுமினியம். பின்சீட் கிடையாது, ரேடியோ கிடையாது. கால் மைல் நேர் ரோட்டில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் ஓட வேண்டும். வளைவு கிடையாது, இரண்டாம் சுற்று கிடையாது. அந்தக் கார்களிலேயே ஒரு சின்னத் தகடு ஒட்டி, இது சாதாரணமாக ரோட்டில் ஓட்டுகிற வண்டி அல்ல என்று கம்பெனிக்காரனே எழுதியிருந்தானாம். அந்த வரியை அண்ணன் விரல் வைத்து எனக்குப் படித்துக் காட்டினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதன் பிறகு எங்கள் கார் இளைக்கத் தொடங்கியது. முதலில் பின்சீட் போயிற்று. பம்பர், ஸ்டெப்னி, தரை விரிப்பு, கதவின் உள் அட்டை என்று வாரம் ஒன்றாகக் கழன்று கொட்டகைக்குப் போயின. பின்கண்ணாடியை எடுத்துவிட்டு, சாமி படம் ஃபிரேம் போடுகிற கடையிலிருந்து பிளாஸ்டிக் தகடு வாங்கி வைத்தான். "கழுத தேஞ்சி கட்டெறும்பான கதையா இருக்குதேடா" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிடலாம் என்று அண்ணன் சொன்னான். அப்பா நம்பினார். சீட்டையும் பம்பரையும் திருப்பி மாட்டலாம்தான்.

ஒரு பத்திரிகையில் ஒரு காரின் சேசிஸ் படம் இருந்தது. இரும்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வட்ட வட்டமாக ஓட்டை. எடையைக் குறைக்கக் கம்பெனியிலேயே போட்டது. அண்ணன் அதை நான்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐந்தாம் நாள், பம்புசெட் பழுதுபார்க்கிற பட்டறையிலிருந்து டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிவந்தான்.

"குறி நீ போடு. கோலம் போட்ற கை, ஒனக்குத்தான் புள்ளி நேரா வரும்" என்றான்.

மல்லாக்கப் படுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்து, சாக்பீஸால் புள்ளி வைத்தேன். இடைவெளிக்கு இரண்டு விரல் கணக்கு. ஒரு புள்ளிகூடக் கோணவில்லை. வலது பக்கம் அவன் துளைத்தான். பாதியில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. இடது பக்கம் முழுவதையும் நான்தான் துளைத்தேன். சூடான இரும்புத்தூள் முந்தானையில் விழுந்து பொட்டுப் பொட்டாகப் பொசுக்கியது. இருபத்தோரு ஓட்டை. அந்தப் படத்துக் கம்பெனிக்காரன் எந்த இரும்பில் போட்டான், எத்தனை தடிமனில் போட்டான், அந்தக் கார் எத்தனை நாள் ஓடினால் போதும் என்று நினைத்துப் போட்டான் என்றெல்லாம் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டோம்.

இனிக் கழற்ற ஒன்றுமில்லை என்றான பிறகு அண்ணன் எடைமேடையில் தன்னையே நிறுத்திப் பார்த்தான். எண்பத்திரண்டு கிலோ. என்னை வீட்டில் நெல் நிறுக்கிற தராசில் ஏற்றினான். நாற்பத்தொன்று. அரை மூட்டை நெல் வித்தியாசம். அன்றைக்கே என்னை ஓட்ட வைப்பது என்று முடிவு செய்துவிட்டான். நான் வயலுக்குச் சோறு எடுத்துப் போகிற சாக்கில் கரும்பு வண்டிப் பாதையில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. யாரும் பார்க்கவில்லை.

பந்தயம் ஒரே ஒரு முறைதான். எதிராளி புதுச்சேரிப் பையன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. கப்பலில் வந்த பிரெஞ்சுக் கார் அவர்களிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்த நேரம், பாகூருக்குக் கிழக்கே ரோடு நேராகப் போகிற இடத்தில் கால் மைலை அளந்து சுண்ணாம்பு போட்டார்கள். நான் அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருந்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிளாஸ்டிக் கண்ணாடி படபடவென்று அடித்ததும், பக்கத்தில் தெரிந்த கார் பின்னால் போய்க் காணாமல் போனதும் நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நேரம் இருந்ததில்லை. என் கல்யாணமோ, பிறகு பிறந்த மகளோகூட அந்த அளவுக்கு இல்லை. சொன்னால் பாவம் என்பார்கள், ஆனால் உண்மை. தோற்ற பையன் இறங்கிவந்து, துண்டை அவிழ்த்த என் தலையைப் பார்த்துத் திகைத்து, தொப்பியை எடுத்து, பிரெஞ்சுக்காரர்கள் கல்யாணமாகாத பெண்ணை மரியாதையாக அழைப்பதுபோல் "மத்மசேல்" என்று குனிந்தான். ஒரு பெண் ஓட்டினாள் என்று வெளியில் சொல்லக் கூடாது என்று அங்கிருந்த நான்கைந்து பேரிடமும் அண்ணன் சத்தியம் வாங்கினான். எனக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே.

கல்யாணம் அவ்வளவு சுலபத்தில் ஆகிற வழியாகவும் இல்லை. நான்கு இடம் வந்து தட்டிப்போனது. நிறம் மட்டு என்றார்கள், தாயில்லாப் பெண் என்றார்கள். எனக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. ஐந்தாவதாக வந்தவர் வில்லியனூரில் உரக்கடை வைத்திருந்தார். பார்க்க வந்த அன்று நான் காப்பி நீட்டியபோது, "டம்ளரு சூடா இருக்குது, கை சுடப் போவுது, வெச்சிடுங்க" என்றார். அதுவரை வந்த நான்கு பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். கையைப் பார்த்தது இவர் ஒருவர்தான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அப்படிச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர் எதுவும் கேட்கவில்லை. அவருடைய அம்மா கார் கேட்டார்.

"வூட்ல நிக்குதே, அதையே குடுத்துடலாம்" என்றார் அப்பா. "சீட்டுகீட்டெல்லாம் மாட்டி, பெயிண்ட் அடிச்சி நிறுத்துடா."

அன்று சாயங்காலம் அண்ணன் கொல்லைப்பக்கம் என்னைத் தேடி வந்தான். "அந்த வண்டியில குடும்பம் குட்டியோட போவ முடியாதுடி. மாப்ளகிட்ட நானே உண்மைய சொல்லிட்றேன்" என்றான்.

"சொன்னா இதுவும் போயிடும்" என்றேன்.

"போனா போவட்டும். வேற பாக்கலாம்."

"இன்னும் எத்தினி பேருக்கு நான் காப்பி தூக்கினு வந்து நிக்கணும்? நீ சொல்லக் கூடாது. என் மேல ஆணையா சொல்லக் கூடாது."

தாயில்லாமல் வளர்த்த பிள்ளையின் மேல் ஆணை. அதைப் போட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான் என்று தெரிந்துதான் போட்டேன். கடலூரில் ஒரு வெல்டரிடம் காரைக் காட்டினான். மேல் கூட்டைப் பிரித்துத் தூக்கிவிட்டு இரும்புப் பட்டை வைத்து அடிக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார் அவர். முகூர்த்தத்துக்கு ஆறு நாள் இருந்தது. கடைசியில் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். கல்யாணம் முடிந்ததும் சர்வீஸ் என்று சொல்லி எடுத்துவந்து சரிசெய்துவிடுகிறேன் என்றான்.

சொன்னபடி வந்தான். மூன்று தரம் வந்தான். ஆனால் என் வீட்டுக்காரர் அந்தக் காரைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். காலையில் கடைக்குப் போகுமுன் அவரே துடைப்பார். "ஒங்களுக்கு எதுக்கு மச்சான் செலவு? எனக்கு குடுத்த வண்டி, நானே பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு தரமும் அண்ணனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார். அண்ணன் சாப்பிடும்போது என்னை ஏறிட்டுப் பார்ப்பான். நான் குழம்பு ஊற்றுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணம் ஆகிவிட்டது, இனி என்னைத் திருப்பி அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் அவர் என்னை நல்லவள் என்று நம்பத் தொடங்கியிருந்தார். அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. அவர் எங்கே காரை எடுத்தாலும் நானும் கூடவே ஏறிக்கொள்வேன். உடைந்தால் சேர்ந்தே போகலாம் என்று ஒரு கணக்கு. புருஷனைப் பிரியாத பெண்டாட்டி என்று தெருவில் பேர் வாங்கினேன்.

நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தபோது, நெட்டப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அவர் ஓட்டினார், மாமியார் பக்கத்தில், நான் பின்சீட்டில். வேகமெல்லாம் இல்லை. மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஒரு மதகின் மேல் ஏறி இறங்கும்போது காலுக்கடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னவென்று மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். காரின் நடுப்பகுதி தொய்ந்து, இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் சாய்ந்தது. மாமியாருக்குக் கை பிசகியது. என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் கீறல். எனக்கு வெளியில் ஒரு காயமும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கரு கலைந்தது.

நான் படுக்கையில் கிடந்தபோதுதான் மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"துரு இல்லியாம்" என்றார். "ட்ரில்லு போட்டிருக்குது. பட்டி வெச்சி மறச்சிருக்குது. வரிசையா, அளவெடுத்தாப்புல. எவன் போட்டானோ, கை சுத்தமான ஆளுங்கறாரு மெக்கானிக்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து, அதற்கு ஏங்கித்தான் கேட்டார். அது எனக்குக் குரலிலேயே தெரிந்தது.

"தெரியாது" என்றேன்.

அவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒன்னக்கூட ஏமாத்திட்டானே உங்க அண்ணன். கூடப் பொறந்தவள அதுல ஒக்கார வெச்சி அனுப்ப எப்பிடி மனசு வந்துச்சி?" என்றார். நாங்கள் துளைத்ததையும் மறைத்ததையும்விட, அன்று அவர் கை என் பாதத்தில் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மறுநாள் அண்ணன் செய்தி கேட்டு ஓடிவந்தான். இவர் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டார். நான் உள்ளே கட்டிலில். கதவு திறந்திருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"நீதான ஓட்ட போட்ட?"

"ஆமா மாப்ள."

"தங்கச்சிகிட்டயாவது சொன்னியா? அவளுக்கு ஒண்ணுமே தெரியலயே."

அண்ணன் தலையைச் சாய்த்து உள்ளே என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று. ஒரு நொடி இருக்கும். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டான்.

"சொல்லல. எல்லாம் என் தப்புதான் மாப்ள" என்றான்.

"இனிமே இந்தப் படி ஏறாத."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவன் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பா இறந்தபோது ஒரே பந்தலில் நின்றோம், பேசவில்லை. எனக்கு மகள் பிறந்தபோது, அதற்குள் அவன் கட்டிக்கொண்டிருந்த அண்ணியிடம் கொலுசு கொடுத்தனுப்பினான். என் வீட்டுக்காரர் அதைத் திருப்பியனுப்பினார். மாமியார் எப்போதாவது என் பிறந்தவீட்டைக் குத்திப் பேசினால் இவர் பாய்ந்துகொண்டு வருவார். "அவள ஒண்ணும் சொல்லாத. அவளே ஏமாந்து போனவ" என்பார். ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்காக அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசப் பேச நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். பிறகு ஒரு புதுக் கார் வாங்கியபோது, நீயும் கற்றுக்கொள் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார். கிளட்ச் எது என்று கேட்டேன். வேண்டுமென்றே மூன்று நாள் இன்ஜினை அணைய விட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அண்ணி வந்தாள். அண்ணனுக்கு நுரையீரலில் நோய் முற்றிவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்களாம். "வேற ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு தபா தங்கச்சி வூட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்ட்டுட்டு வரணுங்கறாரு" என்றாள்.

என் வீட்டுக்காரர் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் முடிவு பண்றதுக்கு இதுல ஒண்ணுமில்ல. பறிகொடுத்தவ நீ. நீ மன்னிச்சிட்டன்னா சொல்லு, இப்பவே நான் வண்டி எடுத்துக்கினு போயி அவர கூட்டியாறேன்."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவனை அவர் என்று சொன்னார். அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரட்டும் என்ற ஒரு சொல் போதும். ஆனால் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. சாகப்போகிறவன். மனதில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுப் போக நினைப்பான். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவான். இவர் அன்பாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் சொல்லிவிடுவான். பத்து வருஷம் என்னைக் காப்பாற்றியவனைப் பார்த்து எனக்கு அந்தப் பயம்தான் வந்தது.

"வேணாங்க" என்றேன். "எனக்கு மனசு ஆறல."

அண்ணி எழுந்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை. அவள் போன பிறகு இவர் என் அருகில் வந்து தலையில் கை வைத்தார். "ஒன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். தப்பில்ல" என்றார்.

இருபது நாளில் அண்ணன் போய்விட்டான். செய்தி வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு முதலில் அழுதது இவர்தான். நீங்கள் போய்ப் பார்த்திருக்கலாம் என்று யாரோ சொன்னபோதும், அவள் மனது எனக்குத் தெரியும், அவளை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை என்றார். அண்ணனைக் கிடத்தியிருந்த கூடத்தில் எல்லாப் பெண்களும் அவன் மேல் விழுந்து கதறினார்கள். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்ற பயத்தில், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் அவளுக்கு ஆறவில்லை பார் என்று என் காதுபடச் சொன்னார்கள்.